கடாரத் துறையும் குடிக்கூலி வாழ்வும்

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லையாக அமைய, இடைப்பட்டுக் கிடக்கும் மேட்டுநிலமே இன்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களாக வழங்குகிறது. கடல் இங்கிருந்து தொலைவில் உள்ளது. ஆயினும் கடல் கடந்த துறையொன்றின் பெயர் தமிழ் வரலாற்றில் நிலைபெற்றது இம்மண்ணிலிருந்து ஆண்ட மன்னனால்தான். முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டில் கடற்படை செலுத்திக் கடாரத்தை வென்றான். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா மாநிலப் பகுதி. அதற்கு எதிரே கிடக்கும் பினாங்குத் தீவு 1786 வரை கெடா சுல்தானின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது.

இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழர் தலைநகராக விளங்கியது. சோழகங்கம் என்னும் பேரேரியை ஒட்டி வளர்ந்த அந்நகரில் இன்று எஞ்சியிருப்பது கோயில் ஒன்றே. மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது கோயிலின் சுற்றுமதிற் கற்கள் அதற்கெனப் பெயர்க்கப்பட்டன. 2004இல் அக்கோயில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மன்னனின் விருதுப்பெயர்களையெல்லாம் கல்வெட்டால் நாம் அறிவோம். ஆனால் அந்நகரின் சுமைகூலியாள் எங்கே உறங்கினான், எவரிடம் எவ்வளவு குடிக்கூலி கொடுத்தான் என்பதற்கு ஒரு கல்லும் சான்று கூறுவதில்லை.

நகரங்களின் வரலாறு பெரும்பாலும் இவ்வாறே எழுதப்படுகிறது. கட்டியவன் பெயர் நிற்கிறது. குடியிருந்தவன் பெயர் அழிகிறது. இது பழங்காலத்து நிகழ்ச்சி மட்டுமன்று. இராசேந்திரன் வென்ற அதே கடாரத்தின் எதிர்க்கரையில், பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில், நம் காலத்திலேயே இது மீண்டும் நிகழ்ந்தது. அங்கே ஆவணங்கள் உள்ளன. ஆகவே அதனை ஆராய இயலும். ஆராய வேண்டிய கடமையும் நமக்குண்டு. அத்துறையில் குடிக்கூலிக்கு வாழ்ந்தோருள் பெருந்தொகையினர் தமிழ் முஸ்லிம்கள்.

துறையும் சூலியரும்

1786 ஆகஸ்டு மாதத்தில் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்கைக் கைக்கொண்டார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்கள் அதற்கு முன்பே கெடாவில் வாழ்ந்து வந்தனர். சிலர் அங்கேயே பிறந்தவர்கள். அவர்களைச் சூலியர் என்று மலாய்க்காரரும் ஐரோப்பியரும் அழைத்தனர். சோழம் என்னும் சொல்லிலிருந்தே இப்பெயர் தோன்றிற்று என்பது அறிஞர் பலரின் கருத்து.

1794ஆம் ஆண்டளவில் லைட் எழுதிய குறிப்பொன்றில் தீவில் நிலையாகத் தங்கிவிட்ட சூலியர் ஏறத்தாழ 1,000 பேர் எனக் கணக்குக் காட்டுகிறார். அவர்கள் கடைக்காரர்களாகவும் கூலியாட்களாகவும் இருந்தனர். இவர்களையன்றி, ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கலங்களில் வந்து, சிறிது பொருள் ஈட்டி ஊர் திரும்பினர் என்றும், அவர்களுடைய இடத்தைப் பிறர் வந்து நிரப்பினர் என்றும் அவர் கூறுகிறார். இக்கணக்கில் நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. நிலையாகத் தங்கியோரைவிட வந்து போவோரே மிகுதி. வந்து போவோனுக்கு வீடு வாங்கும் வல்லமையும் இல்லை, தேவையும் இல்லை. அவனுக்கு வேண்டுவது படுக்கையிடம், பெட்டி வைக்க ஒரு மூலை, வேலைத்தலத்துக்கு நடந்து செல்லும் தொலைவு. ஆகவே ஜார்ஜ் டவுன் தொடக்கம் முதலே வாடகைக்குடியினரின் நகரமாக அமைந்தது.

நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து கலங்கள் இக்கரைக்குச் சென்றன. இவற்றுள் பரங்கிப்பேட்டை வெள்ளாறு கடலோடு கலக்குமிடம். அவ்வாற்றின் மேற்பகுதிக் கரையில்தான் பெரம்பலூர் மாவட்டத்து லெப்பைக்குடிக்காடு அமைந்துள்ளது. பின்னாளில் 'ரஜூலா' கப்பலும், அதன்பின் 'எம்.வி. சிதம்பரம்' கப்பலும் இவ்வழியில் பயணிகளை ஏற்றிச் சென்றன. 1985இல் 'சிதம்பரம்' தீப்பற்றியதோடு அக்கடல்வழிப் பயணம் முடிவுற்றது.

பினாங்கின் கடற்கரைத் தெரு ஒருகாலத்தில் உண்மையாகவே கடலையொட்டி இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் படித்துறை அமைக்கப்பட்டது. தெருக்கள் நீண்டு கடலைத் தொட்ட இடங்களுக்குக் 'காட்' என்னும் இந்தியச் சொல்லே பெயராயிற்று. நீருக்கு இறங்கும் படித்துறை என்பது அதன் பொருள். சூலியா தெருவின் கடல்முனை இன்றும் அப்பெயரால் வழங்குகிறது. கப்பலிலிருந்து சரக்கிறக்கும் தோணிக்காரர், சுமைதூக்குவோர், நாணயம் மாற்றுவோர், தொப்பி தைப்போர், நூல் விற்போர் ஆகியோர் இத்தெருக்களின் மாடியறைகளில் கூட்டாகக் குடியிருந்தனர். ஓரூர்க்காரர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, பொதுவில் உலைவைத்து உண்டனர். காவடித் தண்டில் சோறும் குழம்பும் சுமந்து துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற உணவுதான் பின்னர் 'நாசி கண்டார்' என்னும் பெயரில் மலேசியாவெங்கும் புகழ்பெற்றது. 1883இல் குலாம் காதிறு நாவலர் 'வித்தியா விசாரிணி' என்னும் தமிழ் இதழைத் தொடங்கியதும் இந்நகரிலேதான்.

பள்ளிவாசல் நிலமும் வாடகை வீடுகளும்

காதர் முகைதீன் என்னும் வணிகர் சூலியரின் தலைவராகக் 'கப்பித்தான் கெலிங்' பதவியில் அமர்த்தப்பட்டார். 1801இல் கம்பெனி அரசு 18 ஏக்கர் நிலத்தைப் பள்ளிவாசலுக்கென வழங்கியது. அங்கே எழுந்ததே இன்றும் அவர் பதவிப்பெயர் தாங்கி நிற்கும் பள்ளிவாசல். பள்ளியைச் சூழ்ந்த வக்ஃபு நிலத்தில் மெல்லமெல்ல ஒரு குடியிருப்பு வளர்ந்தது. துறைமுகத்திலிருந்து நடைதூரத்தில், தொழுகையிடத்துக்கு அருகில், சிறு வாடகை செலுத்தி ஏழைகள் வாழ்ந்தனர்.

1905இல் பிரிட்டிஷ் அரசு முகமதிய, இந்து அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டப்படி அமைந்த மன்றத்தின் கைக்கு வக்ஃபு நிலங்கள் சென்றன. முதவல்லிமாரின் நிருவாகம் சீர்கெட்டிருந்தது என்பது அரசு கூறிய காரணம். அதில் உண்மையும் இருந்தது. மன்றம் பள்ளியைச் சூழ்ந்திருந்த நெருக்கமான குடிசைகளை அகற்றிப் புதிய வரிசை வீடுகளைக் கட்டி உயர்ந்த வாடகைக்கு விட்டது. வக்ஃபின் வருவாய் பெருகியது. 1916ஆம் ஆண்டளவில் பள்ளிவாசல் விரிவாக்கப்பட்டு, இன்று நாம் காணும் கவிகை மாடங்களோடு பொலிவு பெற்றது. ஆனால் பழைய குடிகளுள் பலர் அவ்வாடகையைச் செலுத்த இயலாமல் வேறிடம் தேடினர். பள்ளியின் பொலிவும் குடிகளின் பெயர்வும் ஒரே செயலின் இரண்டு விளைவுகளாயின. இச்செய்தியை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பிறகு மீண்டும் இதற்கு வருவோம்.

வாடகைக் கட்டுப்பாடு

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நகரங்களில் வீட்டுப் பஞ்சம் நிலவிற்று. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்த இயலாதவாறு மலாயாவில் கட்டுப்பாடு வந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதனை உறுதிப்படுத்தியது. நாட்டிலேயே மிகுதியாகப் பினாங்கில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதன் காப்பில் இருந்தன.

இதனால் விளைந்த நன்மையும் தீமையும் இரண்டையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். சொற்ப வாடகை பெற்ற உரிமையாளர் கூரையைச் செப்பனிடவும் முன்வரவில்லை; கட்டடங்கள் சிதைந்தன. சில இடங்களில் முதன்மைக் குடியிருப்பாளர் குறைந்த வாடகைக்கு வீட்டைப் பெற்று, அறை அறையாகப் பிரித்து உள்வாடகைக்கு விட்டுத் தாமே ஆதாயம் அடைந்தார். சட்டத்தின் பயன் இறுதி ஏழையை எப்போதும் எட்டியதில்லை. மறுபுறம், அதே சட்டத்தின் நிழலில்தான் தொப்பி தைப்பவரும் நூல் விற்பவரும் நாணயம் மாற்றுபவரும் மூன்று தலைமுறைக் காலம் நகரின் நடுவிலேயே தொழில் செய்து வாழ முடிந்தது. உயர்ந்த அடுக்குமாடிகள் எழாமையால் பழைய தெருக்களின் வடிவமும் குலையாமல் நின்றது.

1969இல் பினாங்கின் சுங்கவரியற்ற துறைமுக உரிமை நீக்கப்பட்டது. பின்னர்ச் சரக்குப் போக்குவரத்துப் பெரும்பாலும் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கு மாறிற்று. துறைமுகக் கூலிகளின் பிழைப்புப் போயிற்று. வேலை போன பின்னும் அவர்களுள் முதியோரை நகரில் தங்கவைத்தது குறைந்த வாடகை ஒன்றே. 1997இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டம் 1999 டிசம்பர் 31 வரை மட்டும் தவணை கொடுத்தது. 2000 ஜனவரி 1 முதல் உரிமையாளர் விரும்பிய வாடகையைக் கேட்கலாயினர். வாடகை பன்மடங்காயிற்று. செலுத்த இயலாதோர் பல்லாயிரவர் நகரைவிட்டு வெளியேறினர்.

வெறுமையான பழைய வீடுகள் சிலவற்றில் ஒரு விந்தை நிகழ்ந்தது. உண்ணத்தக்க கூடு கட்டும் உழவாரக் குருவிகளை வளர்க்கச் சாளரங்களை அடைத்து, குருவியின் குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டனர். மனிதர் உறங்கிய மாடியறைகள் பறவைப் பண்ணைகளாயின. பாரம்பரியப் பகுதியிலிருந்து இப்பண்ணைகளை 2013 இறுதிக்குள் அகற்றுமாறு மாநில அரசு ஆணையிட நேர்ந்தது.

பாரம்பரியப் பட்டம் வந்தபின்

2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு ஜார்ஜ் டவுனும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மையப் பகுதியும் காப்புப் பகுதியும் சேர்ந்து 259 ஹெக்டேர். கட்டடங்களுக்காக மட்டுமன்றி, பல சமயத்தாரும் பல இனத்தாரும் ஒருங்கே வாழும் மரபுக்காகவுமே இச்சிறப்பு வழங்கப்பட்டது. இங்கே ஒரு முரண் புலப்படுகிறது. எந்த வாழ்முறை உலகத்தின் மதிப்பைப் பெற்றதோ, அதனை அரை நூற்றாண்டுக் காலம் தாங்கி நின்ற சட்டம் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே நீக்கப்பட்டுவிட்டது.

பட்டம் வந்தபின் நிலத்தின் விலை ஏறியது. மாடிவீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. 2012இல் ஆர்மீனியத் தெருவில் தீட்டப்பட்ட சுவரோவியங்களைக் காணப் பயணிகள் திரண்டனர். பாரம்பரியப் பகுதியில் 2009ஆம் ஆண்டில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வசித்தனர். 2013ஆம் ஆண்டுக் கணக்கில் அத்தொகை மேலும் குறைந்தது. கட்டடம் காக்கப்பட்டது; குடி குறைந்தது.

கடலின் மீதே மரக்கால் நட்டுச் சீனக் குலத்தார் வாழும் படகுத்துறைக் குடியிருப்புகளின் வரலாறும் இதற்குச் சான்று. அவர்கள் நிலத்துக்கு உரிமையாளர் அல்லர். அரசின் தற்காலிக அனுமதியின்பேரில் வாழ்வோர். 2006இல் அவற்றுள் இரண்டு புதிய வீட்டுத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டன. எஞ்சியவை இரண்டாண்டுகளுக்குப் பின் உலகப் பாரம்பரியமாயின. இடிந்ததற்கும் நின்றதற்கும் இடையே இருந்த வேறுபாடு இரண்டே ஆண்டுகள்.

சிங்கப்பூரும் துபாயும்

பினாங்கின் கதை தனித்ததன்று. சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்தது. 1983இல் சரக்குத் தோணிகள் ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங் கரைக்கு அனுப்பப்பட்டன. நாற்றமெடுத்த ஆறு தெளிந்தது. அது பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆற்றங்கரையில் இருந்த கிடங்குகள் உணவகங்களாயின. மேற்பகுதியில் உயர்வாடகை அடுக்ககங்கள் எழுந்தன. அங்கும் வாடகைக் கட்டுப்பாடு 2001இல் முற்றிலும் நீங்கிற்று. ஒருகாலத்தில் கடலை நோக்கி நின்ற தெலோக் ஆயர் தெருவில் 1830 அளவில் சூலியர் எழுப்பிய நாகூர் தர்கா 1974இல் தேசியச் சின்னமாயிற்று. 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. நினைவு நன்கு காக்கப்பட்டுள்ளது. எனினும் ஒரு வேறுபாட்டையும் கூறுதல் வேண்டும்: சிங்கப்பூர் தன் குடிமக்களுக்கு வீடமைப்புக் கழக அடுக்ககங்களை மாற்றாக அளித்தது. பினாங்கில் வெளியேறிய வாடகைக்குடியினருள் பெரும்பாலோர்க்கு அத்தகைய மாற்று இருந்ததில்லை.

இன்று பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியிலிருந்து கடல்கடந்து பிழைக்கச் செல்வோர் வளைகுடா நாடுகளையே மிகுதியும் நாடுகின்றனர். துபாய்க் கடற்கழியின் தேராக் கரையில், ஓரறையைப் பலகைத் தடுப்புகளால் பகுத்து, கட்டிலொன்றை மட்டும் வாடகைக்குப் பெற்று வாழ்வோர் எண்ணற்றோர். 2013ஆம் ஆண்டின் ஆணை அங்கே வாடகை உயர்வுக்கு வரம்பு கட்டியுள்ளது: சந்தை வாடகையோடு ஒப்பிட்டு 5 முதல் 20 விழுக்காடு வரை மட்டுமே உயர்த்தலாம். ஆனால் அவ்வரம்பு ஒப்பந்தம் உடையவனுக்கே பயன் தரும். கட்டில்வாடகைக்காரனிடம் ஒப்பந்தத் தாளே இராது. 2025 ஜூன் மாதத்தில் துபாய் மாநகராட்சி தீ விபத்து அச்சத்தால் தடுப்பறைகளை அகற்றும் நடவடிக்கை எடுத்தது. அச்சம் நியாயமானதே. தடுப்பு அகன்றபின் அவ்வூழியத்துக்கு எந்த வாடகையில் எங்கே படுப்பது என்னும் வினாவோ பினாங்கின் 2000ஆம் ஆண்டு வினாவே ஆகும்.

வக்ஃபின் முன்னுள்ள இரண்டு கடமைகள்

இங்கே இஸ்லாமிய நகர மரபு என்ன கூறுகிறது என்பதை ஆராய்தல் தகும். மம்லூக்கியர் காலத்துக் கெய்ரோவில் வணிகக் கிடங்குகளின் மேல்மாடியில் 'ரப்உ' எனப்படும் வாடகைக் குடியிருப்புகள் அமைந்தன. நைல் நதித்துறையான பூலாக்கிலும் அத்தகைய கட்டடங்கள் இருந்தன. 1504-05இல் சுல்தான் அல்கூரி கட்டிய வணிக விடுதியில் கீழே சரக்கும் மேலே குடும்பங்களும் இருந்தன. அதன் வாடகை அவருடைய வக்ஃபுக்குச் சென்றது. வாடகைக்குடியிருப்பு என்பது ஐரோப்பியரிடமிருந்து நாம் கற்றதன்று. அவ்விடுதி இன்றும் நிற்கிறது; கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன; குடும்பங்கள் இல்லை.

ஃபிக்ஹு நூலார் வக்ஃபுச் சொத்தின் வாடகை குறித்துக் கண்டிப்பான விதிகளை வகுத்தனர். ஒத்த சொத்துக்குரிய வாடகைக்கு, அதாவது உஜ்ரத்துல் மித்லுக்கு, மிகக் குறைவாக விடலாகாது. பிற்கால ஹனஃபி அறிஞர்கள் வீட்டை ஓராண்டுக்கும் விளைநிலத்தை மூன்றாண்டுக்கும் மேலாகக் குத்தகைக்கு விடுவதைத் தடுத்தனர். நெடுங்காலம் இருந்தவன் சொத்தே தனதென்று கூறிவிடுவான் என்னும் அனுபவ அறிவே இதற்குக் காரணம். அவ்வச்சம் வீணன்று. 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கை, இந்தியாவில் பதிவுபெற்ற வக்ஃபுச் சொத்துகள் 4.9 இலட்சம், நிலப்பரப்பு 6 இலட்சம் ஏக்கர், ஆண்டு வருவாய் சுமார் 163 கோடி ரூபாய் மட்டுமே எனக் காட்டியது. அற்ப வாடகை வக்ஃபை அரித்துத் தின்னும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆயின் பினாங்கின் வரலாறு மறுபக்கத்தையும் காட்டுகிறது. வருவாயைப் பெருக்குவதே முதவல்லியின் ஒரே கடமையானால், அவர் முதலில் வெளியேற்ற வேண்டியவர் எந்த ஏழைக்காக வக்ஃபு ஏற்பட்டதோ அதே ஏழையாகிவிடுகிறார். இம்முரணுக்குத் தீர்வு ஃபிக்ஹின் உள்ளேயே உண்டு. வக்ஃபு செய்தவரின் நிபந்தனைக்கே முதலிடம் என்பது அதன் அடிப்படை. வருவாய் ஈட்டுவதற்கென விடப்பட்ட சொத்து வேறு. வழிப்போக்கரும் வறியோரும் தங்குவதற்கென விடப்பட்ட சொத்து வேறு. முன்னதற்குச் சந்தை வாடகை கேட்பது முதவல்லியின் கடமை. பின்னதற்கு அதைக் கேட்பது நிபந்தனைக்கு மாறு. ஆகவே அலட்சியத்தால் வாடகையைக் குறைவாக விட்டுவிடுவது ஒன்று. அறிந்தே ஒரு பகுதியைத் தங்குவோர்க்கென ஒதுக்கி, எஞ்சியதன் முழு வாடகையால் அதனைத் தாங்குவது மற்றொன்று. முன்னது சிதைவு; பின்னது அறம். இவ்விரண்டையும் ஏட்டிலும் கணக்கிலும் பிரித்து எழுதாமையே பினாங்கிலும் நம் நாட்டிலும் நேர்ந்த குழப்பத்துக்கு வேர் என்பது நம் துணிபு.

நமக்குரிய பாடம்

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை இனி எழுத்து ஒப்பந்தத்தால் மட்டுமே முடிவாகிறது. அதனைப் பதிவு செய்தலும் வேண்டும். ஒப்பந்தமின்றி வாய்ச்சொல்லை நம்பி வாழ்வோர்க்குச் சட்டத்தின் காப்பு மெலிந்துள்ளது. ஆகவே வாடகைக்குக் குடியிருப்போர் ஒப்பந்தத்தை எழுதிப் பதிந்துகொள்வதும், ஜமாஅத்துகள் எளியோர்க்கு அதில் துணைநிற்பதும் இன்று இன்றியமையாதவை. கடல்கடந்து செல்லும் நம் இளைஞருக்கும் இதனையே கூறுவோம்: தங்குமிடத்தின் தாள் யார் பெயரில் உள்ளது என்பதைக் கேட்டறிந்த பின்னரே கட்டிலுக்குப் பணம் கொடுத்தல் வேண்டும்.

நீர்க்கரைகளைச் சீரமைப்பதை எவரும் தடுக்க வேண்டுவதில்லை. சாக்கடையான ஆறு தெளிவதும் இடியும் கூரை செப்பமாவதும் நன்மைகளே. ஆனால் சீரமைப்புக்கு முன் கட்டடங்களைப் பட்டியலிடுவது போலவே குடியிருப்போரையும், அவர்கள் செலுத்தும் வாடகையையும், தொழிலையும் பட்டியலிடுதல் வேண்டும். பணி முடிந்தபின் அவர்களுள் எத்தனை பேர் அங்கேயே உள்ளனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்தின் குடிகளை எண்ணுவதற்கு இன்று வழியில்லை. சூலியா தெருவின் குடிகளை எண்ணியிருக்கலாம். காலம் கடந்தபின்னரே எண்ணத் தொடங்கினர். வக்ஃபுச் சொத்துகளைக் கையில் வைத்திருக்கும் நம் ஊர் ஜமாஅத்துகள் தத்தம் வாடகைப் பதிவேட்டைத் திறந்து, எந்தச் சொத்து வருவாய்க்கு, எந்தச் சொத்து தங்குவோர்க்கு என இவ்வாண்டே வரையறுத்து எழுதத் தொடங்கட்டும்.